பூசையில் வைத்த படிவங்கள்

நான் படித்தது ஊரில் பள்ளிக்கூடத்துச் சாதாரணதரச் சோதனை வரைக்கும்தான். அதிலும் கணக்கில் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன். அப்படிப்பட்ட நான் கனடாவில், மொன்றியலில் மூன்று வருசம் ஒரு கல்லூரி வகுப்பை நடத்தினேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. படிப்பித்தது நானில்லை. கதவு திறக்கிறது, கதிரை போடுகிறது, வரவு எடுக்கிறது, வராத பிள்ளையின் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கிறது, படிவங்களைச் சேர்த்துக் கல்லூரிக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுக்கிறது, இவ்வளவும் என் வேலை. கடைசியாகச் சொன்ன வேலையில்தான் பிழை விட்டேன். அந்தப் பிழையை முழுதாக அறிந்தவர்கள் மிகக் கொஞ்சப் பேர். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

இங்கே பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருசம் கல்லூரி. அதை முடித்துத்தான் பல்கலைக்கழகமோ வேலையோ. பள்ளிக்கூடத்தின் கடைசி வருசத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடம் ஒன்றை முன்கூட்டியே படிப்பிக்க ஒரு கல்லூரி யோசித்தது. சனிக்கிழமைகளில், பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குக் கிட்ட. தேறினால் அந்தப் புள்ளி கல்லூரிக் கணக்கில் ஏறும், அடுத்த வருசம் இடம் கொடுக்கும்போது அந்தப் பிள்ளைகளை முதலில் பார்ப்பார்கள். இடம் தேடித் திரிந்தவர்களுக்கு எங்கள் கோயிலின் கீழ்மண்டபம் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைகளில் நான் பிரசாதம் சமைக்கிறபடியால் மண்டபத்துச் சாவி என்னிடம் இருந்தது. சாவி இருந்தபடியால் நான் பொறுப்பாளர் ஆனேன். வேறு தகுதி ஒன்றுமில்லை. அதுவரை ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் கரட் வெட்டிக்கொண்டிருந்தவள், சனிக்கிழமைகளில் மட்டும் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன்.

பாடம் மனித உடல். தாதியர் படிப்பின் முதல் பருவத்தில் வருகிற பாடம் அது. படிப்பிக்க வந்தவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சுக்காரர். மெல்லிய ஆள். முதல் சனிக்கிழமை ஆள் உயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு மெட்ரோவில் வந்து இறங்கினார். கோயில் தலைவர் அதைக் கண்டு முகம் கறுத்துப்போனார். மேலே அம்பாள் இருக்கிறா, கீழே இதென்ன சுடலைச் சாமான் என்றார். ஒருமாதிரிப் பேசி முடிவெடுத்தோம். எலும்புக்கூடு பின்கதவால் மட்டும் வரவேண்டும், வெள்ளைத் துணியால் மூடித்தான் கொண்டுவரவேண்டும். மூடினால் இன்னும் பயங்கரமாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அன்ரி, அவருக்கு ஒரு வேட்டியும் சால்வையும் கட்டிவிடுங்கோ, முன்வாசலாலேயே வரட்டும்," என்றான் ஒரு பொடியன். வாத்தியாருக்கு நான் அதைத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னபோது அவரும் சிரித்தார்.

முதல் இரண்டு வருசமும் நல்லபடி போனது. பெற்றோரைச் சம்மதிக்க வைக்கிறதுதான் பெரிய பாடு. இது ரியூசனா, கணக்கும் சொல்லிக்கொடுப்பார்களா, இதைப் படித்தால் டொக்டராக வரலாமா என்று கேட்பார்கள். மூன்றாம் வருசம், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற புரோசார்டிலிருந்து ஒரு இந்தியத் தமிழ் அம்மா மகனைக் காரில் கொண்டுவந்து இறக்குவார். அந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியும் இடம் கொடுக்கும், அவ்வளவு கெட்டிக்காரன். "இல்லீங்க, அப்ளிகேஷன்ல போட நல்லா இருக்கும்ல," என்று அவர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். அந்த வருசம் வந்த பதினைந்து பேரில் பதினாலு பேருக்கு ஏறக்குறைய அப்படித்தான். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கெட்டுப்போகாது.

பதினைந்தாவது பிள்ளைக்கு அப்படியில்லை. அவளும் மூன்றாம் வருசம் வந்தவள்தான். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தாயோடு இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது பதினாலு வயது. வந்ததும் இரண்டு வருசம் பிரெஞ்சு படிக்கிற வகுப்பில் இருத்திவிட்டார்கள். அந்த இரண்டு வருசமும் மற்றப் பிள்ளைகள் படித்த விஞ்ஞானப் பாடங்கள் இவளுக்குக் கிடைக்கவில்லை. தாதியர் படிப்புக்கு அந்தப் பாடங்கள் வேண்டும். பள்ளிக்கூட ஆலோசகர், பெரியவர்கள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இரண்டு வருசம் அதுகளைப் படித்து முடித்துவிட்டு விண்ணப்பி என்று சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் நல்ல புள்ளி எடுத்துத் தேறினால், அந்த ஒரு குறையைப் பாராமல் நேரே எடுப்போம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. ஆகவே அவளுக்கு இந்த வகுப்பு ஒன்றுதான் வாசல்.

தாய் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பெயர் பதிய வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் துடைக்கிற தரையிலை இவள் வெள்ளைச் சப்பாத்தோட நடந்து போகவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்," என்றா. இரண்டு வருசம் என்றால் என்ன, படிக்கட்டுமே என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். அந்தத் தாய்க்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. மகள் உழைக்கத் தொடங்கும்வரை எப்படியாவது இழுத்துக்கொண்டு போவோம் என்று இருந்தவ. இரண்டு வருசம் பிந்தினால் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு சென்ட் லோரன்டில் ஏதாவது தொழிற்சாலையில் பெட்டி கட்டப் போவாள் என்று தாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப் போன பிள்ளைகளை எண்ண என் கைவிரல் காணாது.

இனிப் படிவங்களின் கதை. வகுப்புத் தொடங்கிச் சில கிழமைக்குள் எல்லாப் பிள்ளைகளின் பதிவுப் படிவமும் கல்லூரிக் கந்தோருக்குப் போகவேண்டும். தாய் தகப்பன் கையெழுத்து, பள்ளிக்கூடத்தின் முத்திரை, எல்லாம் அசலாக இருக்கவேண்டும். முதல் இரண்டு வருசமும் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒருவரும் சொல்லித் தந்ததில்லை, நானாகச் செய்தது. நவராத்திரியில் சரஸ்வதி பூசையன்று பிள்ளைகள் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்குவார்கள்தானே. அதோடு இந்தப் படிவங்களையும் ஒரு உறையில் போட்டு வைத்துவிடுவேன். பூசை முடிந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டு வருசமும் எல்லாப் பிள்ளைகளும் தேறினார்கள். போன வருசம் இதனாலேயே மூன்று நாள் பிந்தித்தான் கொடுத்தேன். கந்தோரில் அப்போதிருந்த பொறுப்பாளர் அம்மா, அதுக்கென்ன மதாம் என்று சிரித்துக்கொண்டு வாங்கினா.

மூன்றாம் வருசம் அவ ஓய்வு பெற்று, கந்தோருக்குப் புதிய பொறுப்பாளர் ஒருத்தி வந்திருந்தா. இளம்பெண். ரெலிபோனில் தெளிவாகச் சொன்னா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படிவங்கள் கையில் இருக்கவேண்டும், அதன் பிறகு பெயர்ப் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், ஒரு பெயரும் சேர்க்க முடியாது என்று. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டேன். விளங்காமல் இல்லை. நன்றாக விளங்கியது.

பதினாலு படிவம் புதன்கிழமையே வந்துவிட்டது. அவளுடையது மட்டும் பள்ளிக்கூட முத்திரைக்காக நின்றது. வியாழக்கிழமை பின்னேரம் ஓடி ஓடி வந்து தந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு. அன்றுதான் சரஸ்வதி பூசை. அன்றைக்கு இனிக் கந்தோர் பூட்டியிருக்கும், அடுத்த நாள் மத்தியானம் வேலையிலிருந்து நேரத்தோடு வெளிக்கிட்டுக் கொடுக்கலாம், அதற்கிடையில் ஒரு இரவு அம்பாள் காலடியில் இருக்கட்டும் என்று நினைத்தேன். கோயில் ஐயர் பதினைந்து படிவமும் இருந்த உறையை வாங்கிப் புத்தகங்களோடு வைத்து, சந்தனமும் குங்குமமும் பூசி, மேலே பட்டுத்துணி போர்த்தினார். நான் பதினைந்து பேரின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தேன். அவளுடைய பெயரை இரண்டு தரம் சொல்லச் சொன்னேன்.

பூசையில் வைத்ததை விஜயதசமிப் பூசை முடியாமல் எடுப்பதில்லை. அது சின்ன வயதிலிருந்து என் இரத்தத்தில் ஊறிய விசயம். அந்த ஒரு நாள் புத்தகத்தைத் தொடக்கூடாது, தொட்டால் படிப்பு விட்டுப்போகும். அடுத்த நாள், வெள்ளிக்கிழமைதான் விஜயதசமி. ஊரில் அந்தப் பூசை விடியவே முடிந்துவிடும். இங்கே எல்லாரும் வேலையால் வரவேண்டுமென்று பின்னேரம் ஆறரைக்கு வைத்திருந்தார்கள். இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அவசரத்துக்கு எடுக்கலாம் என்றுதான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கோயிலுக்குப் போனேன். ஐயர் தனியாக இருந்து, பின்னேரம் வாழை வெட்டுகிற மானம்பூச் சடங்குக்கு வாழை கட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "எடுங்கோ அம்மா. பிள்ளையளின்டை காரியம்தானே. அம்பாள் குறை நினைக்கமாட்டா," என்றார். பட்டுத்துணியை அவரே ஒரு பக்கம் தூக்கியும் பிடித்தார்.

என் கை போகவில்லை. உறை தெரிந்தது, குங்குமம் பட்ட மூலை தெரிந்தது. கையை நீட்டினேன், பாதியில் நின்றுவிட்டது. பதினைந்து பிள்ளைகளின் படிப்பு அதற்குள் இருக்கிறது, நான் அதை இடையில் உருவி எடுக்கிறேன், ஏதாவது நடந்துவிட்டால் என்று நினைத்தேன். முக்கியமாக அவளை நினைத்துத்தான் பயந்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தடங்கல் வந்தாலும் தாங்குவார்கள், அவளால் தாங்க முடியாது என்று. போன வருசம் மூன்று நாள் பிந்தியும் வாங்கினார்களே என்ற நினைப்பும் கூட வந்தது. "இருக்கட்டும் ஐயா, திங்கக்கிழமை குடுக்கிறன்," என்றேன். அவர் துணியை விட்டார். நான் குசினிக்குப் போய்ப் பின்னேரத்துக்குக் கடலை அவித்தேன். நாலு மணி எப்போது கடந்தது என்றுகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

திங்கக்கிழமை விடிய அந்தக் கந்தோர் திறக்க முன்னமே வாசலில் நின்றேன். புதிய பொறுப்பாளர் உறையைத் திறந்தா. சந்தன வாசம் வந்தது. நல்ல வாசம் என்று சொன்னா. பிறகு கணினியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பட்டியல் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே போய்விட்டது. ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன், நம்பிக்கை தரமாட்டேன், வாத்தியாருக்குச் சம்பளம் ஒதுக்கியாயிற்று, ஆகவே டிசம்பரில் நத்தார் லீவு விடும் வரை வகுப்பு நடக்கட்டும் என்றா. புள்ளி பதிவாகுமா என்று கேட்டேன். பட்டியலில் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியில் புள்ளி போட இடமே இல்லை என்று சொன்னா.

அன்றைக்கே நான் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மேலிடத்தில் கேட்கிறா என்று சொன்னாவே, பதில் வரட்டும், வீணாக ஏன் மனதை உடைப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்பாளிடம் போய் வழக்குப் பேசினேன். உனக்காகத்தானே தாயே விட்டுவிட்டு வந்தேன், நீதான் அந்தக் கந்தோர்காரரின் மனதைத் திருப்பவேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்தேன். நேர்த்திக்கடன் வைத்தேன். கைபேசி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் தாயாக இருக்குமோ என்று இலக்கத்தைப் பார்த்தேன். கல்லூரிக்கு நானே பல தரம் ரெலிபோன் எடுத்தேன். இன்னும் பதில் இல்லை மதாம் என்பார்கள்.

அப்படி எட்டுச் சனிக்கிழமை போனது. என் வாழ்க்கையில் நான் செய்த பாவம் அந்த வெள்ளிக்கிழமை இல்லை, இந்த எட்டுச் சனிக்கிழமையும்தான்.

அவள் முன்வரிசையில் இருப்பாள். வகுப்புத் தொடங்க அரை மணித்தியாலம் முந்தியே வந்துவிடுவாள், எனக்குக் கதிரை அடுக்க உதவி செய்வாள். சின்னச் சின்ன அட்டைகளில் ஒவ்வொரு எலும்பின் பெயரையும் பிரெஞ்சில் எழுதி, பின்பக்கம் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அட்டைக் கட்டை என் கையில் தந்து, "அன்ரி, கேளுங்கோ, பார்க்காமல் சொல்லுறன்," என்பாள். நான் கேட்பேன். அவள் தன் முழங்கையைத் தொட்டு, தோளைத் தொட்டு, விலாவில் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு போவாள். பிழை விட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவாள். எனக்கு அந்த எலும்புகளின் பெயர்கள் பாதி பாடமாகிவிட்டன. இன்றைக்கும் குளிக்கும்போது தோள்பட்டையில் கை பட்டால் அவள் சொன்ன சொல் வந்து நிற்கும்.

நடுவில் ஒரு சோதனை வைத்தார்கள். அவள்தான் முதல். வாத்தியார் தாளில் மிக நன்று என்று எழுதியிருந்தார். தாயிடம் காட்ட முன்னம் என்னிடம் கொண்டுவந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் சந்தோசத்தில் சிரித்தாள், நான் அழுதேன். "அன்ரி, இதுக்கேன் அழுறியள்," என்று கேட்டாள். சந்தோசம் என்றேன்.

மார்கழி பிறக்கப் பதில் வந்தது. முடியாது. அந்தக் கிழமைச் சனிக்கிழமைதான் கடைசிச் சோதனை. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. பதினைந்து பேரும் இருந்து எழுதினார்கள். நான் பின்வரிசையில் இருந்து நேரம் பார்த்தேன். அவள் எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சோதனை முடிந்த பிறகுதான் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதையும் அரைகுறையாகச் சொன்னேன். இந்த முறை கல்லூரி பிள்ளைகளின் புள்ளியைப் பதிய மறுத்துவிட்டது, காரணம் பட்டியல் விசயம், அடுத்த வருசம் வகுப்பும் இல்லையாம் என்றேன். ஏன் பட்டியலில் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க முன்னம் தலைவர் எழும்பிவிட்டார்.

"எங்கடை பிள்ளையள் எண்டபடியால்தான் இந்த விளையாட்டு," என்றார். "வெள்ளைக்காரன்டை பிள்ளையளுக்கு இப்பிடிச் செய்வாங்களோ?"

மண்டபம் ஓம் ஓம் என்றது. வேலைத்தளத்தில் அவமானப்பட்டவர்கள், பிரெஞ்சு சரியாக வரவில்லையென்று கந்தோர்களில் நிற்கவைக்கப்பட்டவர்கள், எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. அந்தக் கதைகள் பொய்யில்லை. ஆனால் இது அந்தக் கதை இல்லை. எனக்கு மட்டும் அது தெரியும். நான் தேத்தண்ணிக் கேத்திலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். புரோசார்ட் அம்மா மட்டும், விடுங்க, நம்ம பசங்களுக்கு வேற வழி இருக்கு என்று எழும்பிப் போனா. அவவின் மகனுக்கு இருந்தது.

தலைவர் கல்லூரிக்குப் பிரெஞ்சில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதவேண்டும் என்றார். ஆருக்கு நல்ல பிரெஞ்சு என்று கேட்க, சோதனையில் முதலாக வந்தவள் என்று பின்னால் நின்ற அவளைத் தள்ளிவிட்டார்கள். தாய் வேலையில் நின்றபடியால் வரவில்லை. அவள் தலையாட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கடிதத்தோடு கீழ்மண்டபத்துக்கு வந்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்து வைக்கவேண்டும். வாசித்து, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னாள். அழகாக எழுதியிருந்தாள். கோபம் ஒரு இடத்திலும் இல்லை. எவ்வளவு ஆசையோடு படித்தோம் என்று எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வசனம் வந்தது. எங்கள் பொறுப்பாளர் எல்லாப் படிவங்களையும் உரிய நேரத்தில் ஒப்படைத்திருந்தார்.

பேனா என் கையில் இருந்தது. நான் அதை மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, நான் நேரத்துக்குக் குடுக்கேல்லை," என்றேன். பூசையில் வைத்ததையும், வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து நின்றதையும், திங்கக்கிழமை நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் கடிதத்தை மேசையிலிருந்து எடுத்தாள்.

"ஐயர் எடுக்கச் சொன்னவரோ?"

"ஓம்."

"அப்ப ஏன் அன்ரி எடுக்கேல்லை?"

"கை போகேல்லை, பிள்ளை. உனக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயந்திட்டன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்களுக்கு அந்தத் திங்கக்கிழமையே தெரியும்."

"தெரியும்."

"நான் அட்டையைத் தந்து கேளுங்கோ எண்டு சொல்லேக்கையும் தெரியும்."

நான் தலை குனிந்தேன். அவள் திட்டவில்லை. அழவுமில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். "அம்மாட்டை நீங்களே வந்து சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை அவவுக்கு லீவு. என்னாலை சொல்லேலாது," என்றாள். படியேறிப் போனாள்.

அன்று பின்னேரமே தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, "இதை வெளியிலை கதைக்காதை தங்கச்சி. கோயிலுக்குக் கூடாது. கடிதத்தை அப்பிடியே விட்டிடுவம்," என்றார். அவர் விட்டுவிட்டார். ஆனால் மண்டபத்தில் அன்று சொன்னது சொன்னதுதான். கல்லூரி எங்கள் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தது என்று இப்போதும் ஆட்கள் என்னிடமே வந்து சொல்கிறார்கள். அந்த இளம்பெண்ணும், எலும்புக்கூட்டைச் சுமந்துகொண்டு வந்த வாத்தியாரும் எங்கள் ஆட்களின் வாயில் கெட்டவர்களாகிவிட்டார்கள். நான் இல்லை என்று சொல்லத் தொடங்கினால், தலைவர் தூரத்திலிருந்து என்னைப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை கோட்-டெ-நெய்ஜுக்குப் போனேன். மூன்றாம் மாடி. தாய் கதவு திறந்து, "வாங்கோ அக்கா, குளிருக்கை நிக்காதேங்கோ," என்று என் சப்பாத்துப் பனியைக்கூடத் தட்டவிடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனா. நான் ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்திருப்பதாக நினைத்தா போல. இடுப்பில் ஒரு பட்டி கட்டியிருந்தா. அதோடேயே குனிந்து தேத்தண்ணி வைத்தா. மகள் அறைக்குள் இருந்தாள், கதவு பாதி சாத்தியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. சொல்லிவிட்டு, ஏசட்டும், காறித் துப்பட்டும் என்று இருந்தேன். அதற்குத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவ சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டா. தரை துடைத்துத் துடைத்துத் தோல் தடித்த கை.

"நானெண்டாலும் எடுத்திருக்கமாட்டன், அக்கா," என்றா. "பூசையிலை வைச்சதை எப்பிடி எடுக்கிறது? நீங்கள் செய்தது சரி. அவளுக்கு எழுதி வைச்சது அவ்வளவுதான்."

அறைக்கதவு திறந்தது. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நீங்களுமோ அம்மா?"

"என்னடி நீங்களுமோ?"

"ஐயரே எடுக்கச் சொன்னவர்."

"ஐயர் சொல்லுவார். நாளைக்கு உனக்கு ஒண்டு நடந்தால் ஐயரோ வந்து பார்க்கிறது?"

அவள் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் கையைப் பிடித்தபடி சோபாவில் இருந்தோம். அந்தப் பிள்ளையின் பார்வையில் நான் கண்டதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. என்னில் கோபம் இருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு பிடி இருந்தது. அன்ரிதான் கெடுத்தா, அம்மாவாக இருந்தால் காப்பாற்றியிருப்பா என்று. இப்போது அதுவும் இல்லை. நான் என் கையை இழுத்தேன். தாய் விடவில்லை.

அவள் ஜக்கெட்டை எடுத்துப் போட்டாள். தாய், எங்கே போறாய், தேத்தண்ணி ஆறுது என்றா. பெரியவர்களின் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்கப் போறன், நத்தாருக்குப் பூட்ட முன்னம் போகவேணும் என்றாள்.

"நான் வந்து கதைக்கட்டோ, பிள்ளை?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் எவ்வளவு வெட்கம் கெட்ட கேள்வி என்று விளங்கியது.

"வேண்டாம். என்டை பேப்பருகளை நானே வைச்சிருக்கிறன்," என்றாள்.

கதவு சத்தமில்லாமல் சாத்துப்பட்டது. தாய் யன்னலடிக்குப் போய், தொப்பி போடாமல் போறாள் பாருங்கோ என்று சொல்லிக்கொண்டு கீழே பார்த்தா. நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.